ஓதச் சுவருக்கு அடித்த நீலப் பெயிண்ட்

ஐப்பசி மாதம். பகல் மூன்று மணிதான் இருக்கும். ஆனால் விளக்குப் போடாமல் வீட்டுக்குள் ஒன்றும் தெரியாத அளவுக்கு மழை இருட்டிக்கொண்டு நின்றது. என் மகள் செல்வி உள்ளறைக் கட்டிலில் முட்டி போட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போது மூன்று வயது முடிந்து சில மாதங்கள். இவ்வளவு நேரமாகச் சத்தமே இல்லையே என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

சுவரில் நீலப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அதில் ஒன்றைப் பூரியைக் கிள்ளுவது போல நகத்தால் கிள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். உரிந்த இடத்திலிருந்து மஞ்சளாக ஒரு கோடு தண்ணீர் இறங்கியது. உள்ளே சுவர் கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்பில் விரலைத் தேய்த்து, மோந்து பார்த்துவிட்டு, "அம்மா, சுவரு ஒண்ணுக்குப் போவுது" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் கையைத் துடைத்துவிட்டு மறுபடி அடுப்படிக்கே போனேன். பாலைப் பொங்கவிட்டு இறக்கும்போது உள்ளே இருமல் கேட்டது. ஒரு இருமல், பிறகு இன்னொன்று. அதற்குப் பிறகு இருமலுக்கு நடுவே விசில் மாதிரி ஒரு சத்தம்.

ஒரு திருத்தம்

இதை எழுத வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. போன வாரம் இந்தத் தொடரில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதும்போது, எங்கள் வீட்டுச் சுவரைப் பற்றி ஒரு வரி வந்துவிட்டது. "என் கணவர் ஆசை ஆசையாக அடித்த ஆயில் பெயிண்ட்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன்.

வழக்கமாகப் பத்திரிகை வந்ததும் என் பக்கத்தை இரண்டு தடவை படித்து மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொள்வேன். இந்தத் தடவை அந்த வரிக்கு மேல் போக முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மடித்து வைத்த துணியை உதறி மறுபடி மடித்தேன். "என்னாச்சு, எதைத் தேடற?" என்று அவர் கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

அந்த வரி பொய். எங்கள் குடும்பத்தில் பல வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்ட பொய். வாய்வார்த்தையாக இருந்தவரை என்னை உறுத்தவில்லை. அச்சில் பார்த்ததும் சுருக்கென்றது. பெயிண்ட் அடித்தது அவர் கைதான். அந்தக் கையைப் பிடித்து இழுத்தது என் வாய். இதைச் சொல்லாமல் வேறு கதைக்குப் போக எனக்குக் கால் வரவில்லை.

வெள்ளை முதுகு

இந்த வாரம்தான் முதலில் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் பின்பாதி. விருத்தாசலத்தில் செராமிக் தொழில் நன்றாகச் சூடு பிடித்திருந்த காலம். என் கணவர் ராமலிங்கம் அங்கே ஒரு யூனிட்டில் கிளேஸ் பிரிவில் வேலை பார்த்தார். பீங்கான் சாமானுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு மினுக்கு இருக்கிறதே, அதுதான் கிளேஸ். அவர் குடும்பத்தார் சட்டி பானை செய்தவர்கள். இவர் ஊறுகாய் ஜாடிக்கும் பியூஸ் கட்டைக்கும் வந்துவிட்டார். நான் பெண்ணாடத்துக்காரி. டீச்சர் டிரெய்னிங் முடித்து, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன்.

எங்கள் வீட்டில் முழுசாக இருந்த பீங்கான் சாமான் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் ரிஜெக்ட். காது இல்லாத கப்பில் டீ, மூடி சேராத ஜாடியில் உப்பு, மூக்கு சப்பையாகிப்போன போலீஸ்காரர் பொம்மை கதவுக்கு முட்டு. எங்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான். விருந்தாளி யாராவது வந்து நிற்கும்போதுதான் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

வீடு மணிமுத்தாற்றுக்குப் போகிற தெருவில், தாழ்வான இடத்தில் இருந்தது. இரண்டு அறை, ஒரு அடுப்படி. உள்ளறையின் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் காமாட்சி அக்கா வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் துவைக்கிற கல்லும். அக்காவின் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தார். அவர்கள் வீட்டில் ஆறு பேர். ஆறு பேர் குளியலும் துணியும் பாத்திரமும் அந்தச் சுவர் ஓரத்தில்தான். பாதித் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகும், மீதி எங்கள் சுவருக்குள் வரும். தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு வருஷம் முழுக்க ஓதம். உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து, துடைக்கத் துடைக்கப் பொடி கொட்டும்.

பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்போம். கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் நீற்றி, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கஞ்சித் தண்ணீர், வெளுப்புக்கு ஒரு சிட்டிகை நீலம், பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம். மேலும் கீழும் ஒரு கை, காய்ந்தபின் குறுக்கே ஒரு கை. அன்றைக்கு அறை பளிச்சென்று இருக்கும். மாசி வருவதற்குள் கீழ்ப்பாதி பழையபடி ஆகிவிடும். அந்தச் சுவரில் யார் சாய்ந்தாலும் எழுந்திருக்கும்போது முதுகில் வெள்ளை. பள்ளிக்கூடத்தில் நான் கரும்பலகையில் எழுதத் திரும்பினால் பின்னால் கிசுகிசுப்பு கேட்கும். "டீச்சரு வூட்டுச் சுவத்தையும் கையோட கொண்டாந்துட்டாங்கடி."

அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது என் அண்ணியின் முதுகு.

அண்ணனுக்கு மெட்ராஸில் ஆபீஸ் உத்தியோகம். அண்ணி அங்கேயே பிறந்து வளர்ந்தவர். மாசி மகத்துக்கு முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணி அரக்குக் கலர் பட்டு கட்டிக்கொண்டு, உள்ளறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காது இல்லாத கப்பை முந்தானையால் பிடித்துக் காபி குடித்தார். பிறகு ஆற்றுக்குப் போனோம். கூட்டத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள், "ஏம்மா, முதுவுல இன்னா இவ்ளோ சுண்ணாம்பு? எங்க போயி சாஞ்ச?" என்று அண்ணியின் புடவையைத் தட்ட ஆரம்பித்தாள். தட்டத் தட்ட அது பரவியது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

அண்ணி கோபப்பட்டிருந்தால் தேவலை. சிரித்தார். "பரவால்ல சரசு, ஊருக்குப் போய் அலசிக்கறேன்" என்றார். அந்த "ஊருக்குப் போய்" எனக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. இங்கே இருக்கிற தண்ணீரில்கூட அலச மாட்டார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அவர் அப்படி நினைத்தாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. என் சுபாவம் அப்படி.

கன்னத்தை வைத்துப் பார்ப்பது

ஆவணியில் செல்விக்குக் காது குத்துவதென்று முடிவாயிற்று. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? அண்ணனும் அண்ணியும் மறுபடி வருவார்கள். ஆடி பிறந்ததிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால், குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். ஈரமாக இருக்கும். துணியால் துடைப்பேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி போய்த் தொடுவேன்.

எங்கள் தலைமையாசிரியை அறையில் நெஞ்சு உயரத்துக்கு ஆயில் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், முகம் தெரியும். எனக்கு அது வேண்டும் என்று தோன்றிவிட்டது. தோன்றினால் என்னால் சும்மா இருக்க முடியாது.

"ஆயில் பெயிண்ட் அடிச்சிடலாங்க. ஈரமும் வெளிய வராது, முதுவுலயும் ஒட்டாது."

அவர் சுவரிடம் போய்க் கன்னத்தை வைத்தார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காயப்போட்ட ஜாடியில் ஈரம் வற்றிவிட்டதா என்று பார்க்க அவர் யூனிட்டில் கருவி எதுவும் கிடையாது. எடுத்துக் கன்னத்தில் வைப்பார்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது, சூளைக்கு ஆகாது என்று அர்த்தம். தெரியாதவர்கள் பார்த்தால், மீசை வைத்த ஆம்பளைகள் வரிசையாக நின்று ஜாடியைக் கொஞ்சுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். கல்யாணமான புதிதில் சாப்பாடு கொடுக்கப் போன நான் அங்கேயே வாய்விட்டுச் சிரித்து, அவரைச் சங்கடப்படுத்தியிருக்கிறேன்.

"குளிருது" என்றார். "வேணாம் சரசு. உள்ள தண்ணி நிக்குது."

"அதனாலதானே அடிக்கச் சொல்றேன்?"

"எங்க பிளாஸ்டர் அச்சப் பாத்திருக்கல்ல? மண்ணுக் கூழை ஊத்துனா அதுல இருக்கிற தண்ணியக் குடிச்சுக்கும். வெயில்ல வச்சா குடிச்சதக் கக்கிடும். சுண்ணாம்புச் சுவரும் அப்படித்தான். குடிக்கும், கக்கும். மேல தோலு போட்டு மூடிட்டா அது எங்க போவும்? மொதல்ல அக்கா வூட்டுத் தொட்டியத் தள்ளி வைக்கச் சொல்லணும். இருக்கிற பூச்சச் சொரண்டிட்டு ஒரு கோடை முழுக்கச் சும்மா காய வுடணும். சித்திரை போகட்டும், நானே அடிச்சுத் தரேன்."

"காதுகுத்து ஆவணியில. உங்க சித்திரைக்கு எங்க அண்ணி காத்துட்டிருப்பாங்களா?"

"ஈரத்து மேல கிளேஸ் ஏத்துனா சூளையில வெடிச்சிடும் சரசு."

"வூட்டைச் சூளையிலயா வைக்கப் போறீங்க?"

கேட்டவுடன் எனக்கே பெருமையாக இருந்தது. வாய்ப்பேச்சில் அவர் என்றைக்கும் என்னிடம் ஜெயித்ததில்லை. அதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. தொட்டியைப் பற்றிக் காமாட்சி அக்காவிடம் கேட்கக் கிளம்பியவரையும் தடுத்தேன். காதுகுத்துக்கு அவர்கள் வீட்டு அண்டாவும் ஜமக்காளமும் வேண்டியிருந்தது. இந்த நேரத்தில் எதற்கு மனத்தாங்கல் என்றேன். பிறகு, அவருக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்தே இன்னொன்றும் சொன்னேன்.

"ஊருல இருக்கிற ஊறுகாய் ஜாடிக்கெல்லாம் கசியாம கிளேஸ் போடுற ஆளு. சொந்த வூட்டுச் சுவரு கசியுது. எங்க அண்ணன் கேட்டா நான் இன்னா சொல்றது?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் ஆகாச நீலத்தில் ஒரு டின்னும் ஒரு பாட்டில் டர்பன்டைனும் பிரஷ்ஷும் இருந்தன.

இரண்டு மாத அழகு

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவரே அடித்தார். உப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, இரண்டு கை. கிளேஸ்காரர் கையல்லவா, ஒரு இடத்தில் வழியவில்லை, ஒரு இடத்தில் திட்டு இல்லை. வேலை நடக்க நடக்க அவர் முகத்திலும் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தேன். "ஒருவேளை நிக்கும் போலிருக்குது" என்றார். அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

காதுகுத்தன்று அண்ணி உள்ளறைக்குள் வந்ததும் சுவரைத் தடவிப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு சரசு, எங்க வீட்லகூட இப்படி இல்ல" என்றார். தைரியமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எழுந்து போனபோது நான் பின்னாலேயே போய் முதுகைப் பார்த்தேன். புடவையில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. நான் அண்ணியின் முதுகைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

அறை இப்போது அழகாகிவிட்டதல்லவா? செல்வியின் கட்டிலை அந்தச் சுவரோடு சேர்த்துப் போட்டேன்.

முதல் கொப்புளம் புரட்டாசியில் வந்தது, கடலை அளவு. ஊக்கால் குத்தித் தண்ணீரை வடியவிட்டு, கட்டைவிரலால் அமுக்கினேன். மறுநாள் பக்கத்தில் இரண்டு. காலண்டரை இடம் மாற்றி அதன் மேல் மாட்டினேன். அடுத்ததற்கு எங்கள் கல்யாணப் போட்டோ. அதற்கு அடுத்ததற்கு ஆணி அடித்துக் குழந்தையின் கவுனைத் தொங்கவிட்டேன். மழைக்காலம் தொடங்கியதும் சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்தினேன். காயாத துணியை உள்ளறையிலேயே கொடி கட்டிப் போட்டேன். அந்த அறையை நாசமாக்க என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செய்தேன். வேறு யாராவது செய்திருந்தால் நான் பிரித்து மேய்ந்திருப்பேன்.

செல்விக்குச் சளி என்று கற்பூரவல்லிச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் காலண்டரைத் தூக்கிப் பார்த்ததை ஒரு நாள் கண்டேன். பார்த்துவிட்டு மறுபடி தொங்கவிட்டார். நான் கற்பூரவல்லி கிள்ளப் போய்விட்டேன்.

நகக்கண்ணில் நீலம்

இனி, மழையால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்த அந்த ஐப்பசிப் பகலுக்கு வருகிறேன். விசில் சத்தம் கேட்டுப் பாலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். செல்வி இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு எடுத்துக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. அம்மா என்று சொல்லப் பார்த்தாள். "ம்" மட்டும் வந்தது.

நல்லவேளையாக அவருக்கு அன்று காலை ஷிப்ட். நனைந்துகொண்டே சைக்கிளில் வந்து இறங்கியவர், உள்ளே எட்டிப் பார்த்ததும் அப்படியே திரும்பி ஓடி, ஸ்டேஷன் பக்கமிருந்து குதிரை வண்டி பிடித்து வந்தார். வழியெல்லாம் நான் பாப்பா, பாப்பா என்று பேசிக்கொண்டே போனேன். அவர் குழந்தையின் முதுகில் கையை வைத்தபடி வந்தார்.

டாக்டர் ஊசி போட்டார். உட்கார்ந்த வாக்கில் தோளில் சாய்த்து வைத்துக்கொள்ளச் சொன்னார். கால் மணி நேரம் கழித்து நெஞ்சுக்குழியின் துடிப்பு கொஞ்சம் அடங்கியது. நாடி பார்க்கக் கையைப் பிடித்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகக்கண் முழுக்க நீலப் பொருக்கும் கறுப்பும்.

"இது என்ன?"

"பெயிண்டுங்க" என்றார் இவர். "வூட்டுச் சுவத்துல உரிஞ்சு வருது."

"உள்ளே கறுப்பா பூஞ்சணம் பிடிச்சிருக்கா?"

"ஆமாங்க."

"குழந்தை எங்கே படுக்குது?"

இவர் என்னைப் பார்க்கவில்லை. "அந்தச் சுவத்து ஓரந்தாங்க."

டாக்டர் கோபக்காரர். பேனாவைக் கீழே வைத்தார். "ஈரச் சுவர்ல ஆயில் பெயிண்ட் அடிச்சு, அதுக்குக் கீழே குழந்தையைப் படுக்கப் போட்டிருக்கீங்க. அந்தப் பொடியைத்தான் அது ராவும் பகலும் இழுத்திருக்கு. இன்னும் ஒரு மணி நேரம் தாமதமா வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியுமா? யார் கொடுத்த யோசனை இது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"நான்தாங்க" என்றார் இவர்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"செராமிக்லீங்க. கிளேஸ் டிபார்ட்மென்ட்."

"ஈரத்தைப் பத்தி உங்களுக்கே தெரியலைன்னா வேற யாருக்கையா தெரியும்?" என்று டாக்டர் ஆரம்பித்தார். வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி திட்டினார். இவர் தலையைக் குனிந்துகொண்டு "ஆமாங்க, தப்புதாங்க" என்று நின்றார். தலைமுடியிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் செல்வியைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

தோசைத் திருப்பி

மறுநாள் செல்வியைக் காமாட்சி அக்கா வீட்டு முன்னறையில் படுக்க வைத்தோம். அவர் வேலைக்குப் போனதும் நான் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டேன். காலண்டர், போட்டோ, கவுன் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். இரும்புத் தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு சுவரைச் சுரண்ட ஆரம்பித்தேன். மூக்கில் ஈரத் துணி கட்டியிருந்தேன். சில இடத்தில் பெயிண்ட் முழம் முழமாக உரிந்து வந்தது. சில இடத்தில் உயிர் போனாலும் வராது. அந்த இடங்களில் எனக்கு ஆவேசமே வந்துவிட்டது.

அக்கா ஒரு சொம்பு மோரோடு வந்து வாசற்படியில் நின்றார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்க தொட்டித் தண்ணிதானே இது?"

நான் சுரண்டிக்கொண்டே தலையை ஆட்டினேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே நவுத்தி வச்சிருப்பனே. இதுக்கா என் மொகத்தைப் பாத்துட்டு இருந்த? நல்ல டீச்சரு போ."

போனவர், தன் வீட்டுக்காரரையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டி, அன்று பொழுது போவதற்குள் தொட்டியை முற்றத்தின் அந்தக் கோடிக்கு இழுத்து வைத்துவிட்டார். எத்தனை சுலபமாக முடிந்துவிட்டது! எனக்குச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

நாலு மணிக்கு அவர் வந்தார். பாதிச் சுவர் உரிந்து கிடந்தது. என் உள்ளங்கையும் உரிந்திருந்தது. "நான் சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் பதிலுக்குச் சண்டை போட்டு, அழுது, தீர்த்திருப்பேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, என் கையிலிருந்து தோசைத் திருப்பியை வாங்கி, நான் விட்ட இடத்திலிருந்து சுரண்டினார். "பாப்பா எப்படி இருக்குது?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வைகாசிவரை அந்தச் சுவர் தோல் இல்லாமல் செங்கலும் சாந்துமாக நின்றது. அவர் யூனிட்டிலிருந்து ரிஜெக்ட் பீங்கான் குழாய்களைக் கொண்டுவந்து, பக்கத்து வீட்டுத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போக வழி செய்தார். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் மேலே இரண்டு செங்கலை எடுத்துக் காற்றுக்கு ஓட்டை விட்டார். கட்டிலை நடு அறைக்கு மாற்றினார். துணி காயப்போடுவது கூடத்தில் என்றாயிற்று. வெயில் நாளில் ஜன்னலையும் கதவையும் திறந்து போட்டுவிட்டு, வேலைக்குக் கிளம்பும்போது தினம் ஒரு தடவை கன்னத்தை வைத்துப் பார்ப்பார். வைகாசியில் ஒரு நாள் "குளிரல" என்றார். அதற்குப் பிறகுதான் பூச்சு பூசிச் சுண்ணாம்பு அடித்தோம். அந்தச் சுண்ணாம்பு பொடியாகவில்லை. எங்களில் யாருடைய முதுகும் அதற்கப்புறம் வெளுக்கவில்லை.

செல்விக்கு இழுப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை. மழைக்காலத்தில் தலைகாட்டும். பத்து வயதுக்கு மேல்தான் விட்டது. அந்தச் சுவரால்தான் வந்ததா, எப்படியும் வந்திருக்குமா என்று கேட்டதற்கு டாக்டர் தோளைக் குலுக்கினார். அந்தக் கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அவரை மட்டும் கேட்காதீங்க

என் அண்ணன் விஷயம் தெரிந்து கடிதம் எழுதினார். "மாப்பிள்ளைக்கு இதுகூடவா தெரியாது?" என்று இருந்தது. பதில் நான்தான் போட்டேன். குழந்தை தேறிவிட்டாள் என்று எழுதினேன். வேறு ஒன்றும் எழுதவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பிறகு வரவேயில்லை.

கொஞ்ச வருடத்தில் அது எங்கள் குடும்பத்தில் ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. எழுபதுகளின் நடுவில் முன்னறை எடுத்துக் கட்டினோம். சுவருக்கு என்ன பூசுவது என்று கொத்தனார் கேட்டதும், ஊரிலிருந்து வந்திருந்த அண்ணன், "எங்க மாப்பிள்ளைய மட்டும் கேக்காதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கொத்தனாருக்கு டீ வாங்கப் போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் மண்ணையும் ஈரத்தையும் அவர் அளவுக்கு அறிந்தவர் யாரும் இல்லை. அந்த மனிதர், தன் சொந்த வீட்டுச் சுவரைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாமல் டீ வாங்கப் போனார். நானும் சிரித்தேன் என்பதுதான் என்னால் சகிக்க முடியாதது.

செல்வி இப்போது பாண்டிச்சேரியில் இருக்கிறாள். கடற்கரையை ஒட்டின வீடு. உப்புக்காற்றில் சுவர் ஊறி, அடித்த பெயிண்ட் பொருக்கு விடுகிறதாம். போன மாதம் போனில், "என்ன பண்றதுன்னே தெரியலம்மா. பெயிண்டர் ஒண்ணு சொல்றாரு, பக்கத்து வூட்டுல ஒண்ணு சொல்றாங்க. யாரைக் கேக்கலாம்? அப்பாவ மட்டும் கேக்காத" என்று சொல்லிச் சிரித்தாள். அவர் எதிரில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் சிரிப்பு போனைத் தாண்டி அவருக்கும் கேட்டது. பேப்பரைத் திருப்பினார்.

இந்த அத்தியாயத்தை எழுதி முடித்ததும் அவருக்குப் படித்துக் காட்டினேன். இதுவரை எதையும் அப்படிக் காட்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டாக்டர் திட்டுகிற இடம் வந்ததும் நிறுத்தினேன்.

"அன்னிக்கு ஏங்க நீங்கதான்னு சொன்னீங்க?"

நான் பெருந்தன்மையாக ஏதோ எதிர்பார்த்தேன். அவர் கிளேஸ் பதம் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"பாப்பா உன் தோள்ல இருந்துச்சு. உன்னத் திட்டுனா நீ அழுவ. நீ அழுதா அதுவும் அழுவும். அதுக்கு அப்ப அழுவறதுக்கு மூச்சு எங்க இருந்துச்சு?"

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டதற்கு, "நீ சொல்லுவன்னு இருந்தேன்" என்றார். அதில் குற்றம் சொல்கிற தொனி துளிகூட இல்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

செல்வி, அந்தச் சுவருக்கு ஆயில் பெயிண்ட் கேட்டது நான். வேண்டாம் என்றது உன் அப்பா. இதைப் படித்து முடித்ததும் போன் போடு. நான்தான் எடுப்பேன், என்னிடம் எதுவும் பேச வேண்டாம். அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி, உன் வீட்டுச் சுவருக்கு என்ன அடிக்கலாம் என்று அவரைக் கேள்.